கார்பன் பிரிண்டுக்கு நெகட்டிவ்: கர்வ் போடும் முன்பே நடக்கும் தவறுகள்

கார்பன் பிரிண்ட் என்பது, நிறமி கலந்த ஜெலட்டின் பூசிய தாளை (இதுதான் டிஷ்யூ) நெகட்டிவ் வழியே புற ஊதா ஒளியில் காட்டி, ஒளியில் இறுகிய படத்தை வேறு தாளுக்கு மாற்றும் முறை. நெகட்டிவைக் கணினியிலிருந்து ஃபிலிமில் மையால் அச்சிடுகிறோம். பிரிண்டில் டோன் (வெளிச்சம் முதல் கருமை வரையிலான படிகள்) சரியாக விழவில்லை என்றால் எல்லாரும் முதலில் கணினியில்தான் போய் உட்காருகிறார்கள். ஒரு கர்வ் (நெகட்டிவின் டோன்களைத் திருத்தும் வளைகோடு), அது சரிவராவிட்டால் இன்னொன்று. சிங்கப்பூரில் கோளாறு பெரும்பாலும் கர்வில் இல்லை. டிஷ்யூவின் ஈரத்தில் இருக்கிறது.

டைக்ரோமேட் (ஜெலட்டினுக்கு ஒளியுணர்வு தரும் உப்பு) ஏற்றிய ஜெலட்டினில் ஈரம் இருந்தால் புற ஊதா ஒளி பட்டதும் வேகமாக இறுகும். ஒட்டக் காய்ந்துவிட்டால் மந்தமாகும். என் வீவக வீட்டில் ஒரு டிஷ்யூவை ஏர்கான் அறையிலும், இன்னொன்றை மழை பெய்த மாலையில் ஜன்னல் திறந்திருந்த சமையலறையிலும் காயவைத்தேன். ஒரே விளக்கு, ஒரே நேரம். 31 படி ஸ்டெப் வெட்ஜில் (படிப்படியாகக் கருமை கூடும் அளவுப் பட்டையில்) இரண்டுக்கும் மூன்று படி வித்தியாசம். படிக்கு 0.10 அடர்த்தி என்றால், ஒளியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்! இதில் எதை நம்பிக் கர்வ் போடுவது? காயவைக்கும் அறையில் ஈரப்பதமானி ஒன்று மாட்டுங்கள். எந்த எண் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே எண்ணாக இருப்பதுதான் முக்கியம்.

டைக்ரோமேட் ஏற்றிய டிஷ்யூவை மறுநாளைக்கு எடுத்துவைப்பதும் தவறு. இருட்டிலும் அது தானாக இறுகிக்கொண்டே இருக்கும். நம் வெக்கையும் புழுக்கமும் அதை விரட்டும். மறுநாள் பிரிண்டில் வெள்ளை வானம் புகைமூட்டம் பிடித்ததுபோல் மங்கியிருக்கும். அதைக் கர்வால் திருத்தப் பார்த்தால் நல்ல நெகட்டிவும் கெடும்.

அடுத்தது, வேலைகளைச் செய்யும் வரிசை. வெற்று ஃபிலிம் வழியே முழுக் கறுப்பு கிடைக்கும் மிகக் குறைந்த நேரத்தை முதலில் பிடியுங்கள். பிறகு, அந்த நேரத்தில் தாளின் வெள்ளையைக் காக்க நெகட்டிவில் எவ்வளவு மை வேண்டும் என்று பாருங்கள். கர்வ் அதற்கப்புறம்தான். மையின் கருமையைக் கண்ணால் எடைபோடாதீர்கள். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் மை புற ஊதாவைத் தாராளமாக விட்டுவிடலாம். பிரிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகே அளவெடுங்கள்.

நம் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும். டிஷ்யூவைத் தாளோடு ஒட்டும் தட்டில் ஐஸ் போடாவிட்டால் ஜெலட்டின் சட்டென்று ஊறி, சரியாகப் பிடிக்காமல் ஓரம் உரிந்துவிடும்.

டைக்ரோமேட்டின் அளவைக் குறைத்தால் கான்ட்ராஸ்ட் ஏறும். அளவை மாற்றிய அன்றே பழைய கர்வை ஒதுக்கிவிட்டு ஸ்டெப் வெட்ஜிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.