மாடல் ரயிலுக்கு ஒரு சா மில்: முதலில் மேற்கு எது என்று முடிவு செய்யுங்கள்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். பகவதிபுரம் வரைக்கும் பாதையோரச் சுவர்கள் வெயிலில் வெளுத்து, புழுதி அப்பி நிற்கும். குகையைக் கடந்து ஆரியங்காவுப் பக்கம் வெளியே வந்தால் அதே செங்கல், அதே தகரம். ஆனால் சுவர் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். நடுவில் இருப்பது ஒரு மலை மட்டும்தான்.

மாடல் கட்டடத்தைப் பழசாகக் காட்டுவது பற்றி எனக்குத் தெரிந்த பாதி விஷயம் அந்த ஜன்னலோரத்தில் கற்றது. மீதிப் பாதி, கெடுத்துக் கற்றது.

1904இல் மீட்டர்கேஜில் (இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர்) ஓடத் தொடங்கிய இந்தப் பாதை 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. எனக்குப் பழக்கம் பழைய மீட்டர்கேஜ்தான், அதனால் மேசைமேல் நான் போட்டிருக்கும் மாடல் ரயில் பாதையும், அதாவது லேஅவுட்டும், மீட்டர்கேஜ். நிஜத்தை 87 மடங்கு சிறிதாக்கும் 1:87 அளவில், மாடல்காரர்கள் எச்.ஓ. என்று சொல்லும் அளவில், ஒரு மீட்டர் என்பது 11.5 மி.மீ. கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்குக் கச்சிதம். அதன் ஓரத்தில் ஒரு சா மில், மரம் அறுக்கும் மில், வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நம் ஊர் சா மில்லுக்குக் கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட பெட்டி) எவனும் போடுவதில்லை. வால்தர்ஸ், ஃபாலர் போன்ற கம்பெனிகள் போடும் செங்கல் தொழிற்சாலைக் கிட் ஒன்றை வாங்கி, நம் ஊராக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வேண்டியவை

கிட், பிளாஸ்டிக்குக்கான தண்ணீர் போன்ற சிமென்ட் (தாமியாவின் பச்சை மூடி பாட்டில் போல), கூர்மையான கட்டிங் பிளையர், 400 மற்றும் 600 நம்பர் உப்புத்தாள், மூலைமட்டம், அக்ரிலிக் பெயின்ட், மேட் வார்னிஷ், பழைய டூத்பிரஷ். விலை உயர்ந்த ஏர்பிரஷ் முதல் கட்டடத்துக்கு வேண்டாம். பத்தாவது கட்டடத்துக்கும் எனக்குத் தேவைப்படவில்லை.

கழுவுவதும் வெட்டுவதும்

அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வர ஒருவித எண்ணெய் தடவியிருப்பார்கள். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே கழுவி நிழலில் உலர விடுங்கள். பாகங்களை எந்தக் காரணத்துக்காகவும் கையால் திருகிப் பிய்க்காதீர்கள். பிளையரால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

ஒட்டும் முன் ஒரு சோதனை. ஐந்தடி ஏழங்குல ஆள் 1:87இல் 19.5 மி.மீ. உயரம். அட்டையில் அந்த அளவுக்கு ஓர் ஆளை வெட்டி, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் நிறுத்திப் பாருங்கள். கூரைமேல் தண்ணீர்த்தொட்டி, பனிக்காலத்துக்கான அடுப்புப் புகைபோக்கி என்று அமெரிக்கச் சாமான்கள் இருந்தால் இப்போதே ஒதுக்கி வையுங்கள். செங்கோட்டையில் யாரும் கணப்பு மூட்டுவதில்லை.

சுவர் எழுப்புவது

புதிதாகச் செய்கிறவர்கள் அவசரப்படும் இடம் இது. நாலு சுவரையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்கப் போடுங்கள். அதைவிடத் தட்டையான தரை வீட்டில் கிடைக்காது. அதன்மேல் இரண்டு சுவர்களை மூலைமட்டத்தோடு சேர்த்து நிறுத்தி, உள்பக்கத்திலிருந்து பிரஷ் நுனியால் சிமென்ட்டை இணைப்பில் தொட்டால் போதும். திரி எண்ணெய் உறிஞ்சுவது போல இடுக்கு தானே இழுத்துக்கொள்ளும். இந்தச் சிமென்ட் பசை அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதனால் வெளிச்சுவரில் ஒரு சொட்டு விழுந்தாலும் செங்கல் வரி உருகிப் போகும். விழுந்தால் துடைக்காதீர்கள், துடைத்தால் இன்னும் பரவும். அப்படியே காய விட்டுவிட்டு, அந்த இடத்தில் பிற்பாடு ஒரு போஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். என் மில்லில் மூன்று போஸ்டர்கள் இருக்கின்றன.

இதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒரு ராத்திரி காய்ந்த பிறகு சேருங்கள். மீந்த சட்டக் கம்பிகளை வெட்டி, உள்மூலைகளில் தூண் மாதிரி ஒட்டிவிட்டால் நாளாவட்டத்தில் சுவர் வளையாது. உள்ளே விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் சுவருக்கு ஊடே கசிந்து, மில் கார்த்திகை விளக்குக் கூடு மாதிரி ஒளிரும்.

நிறம்

முதலில் சாம்பல் நிற பிரைமர். ஸ்பிரே டப்பா என்றால் ஜூன், ஜூலையில் அடிக்காதீர்கள். குற்றாலத்துக்கு ஊரே குளிக்கப் போகும் சாரல் நாளொன்றில் நான் மொட்டைமாடி ஷெட்டில் நின்று அடித்தேன். காற்றின் ஈரம் பெயின்ட்டில் படிந்து, சுவர் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. உப்புத்தாள் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

செங்கலுக்கு இந்தியன் ரெட்டில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் கலந்தால் நம் சூளைச் செங்கல் வரும். கிட் பெட்டியின் படத்தில் இருக்கும் கத்தரிப்பூ கலந்த சிவப்பு இங்கே எங்கும் கிடையாது. காய்ந்த பிறகு ஆங்காங்கே பத்துப் பதினைந்து கற்களை மட்டும் சற்று வெளுப்பாக, சற்றுக் கறுப்பாகத் தொட்டு விடுங்கள். அப்புறம் காரை. பெயின்டர்கள் சுவருக்குப் பூசும் பட்டியை (வால் புட்டி) தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரைப் படுக்கவைத்துத் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் வரிகளுக்குள் மட்டும் வெள்ளை நிற்கும். சிமென்ட் பூசிய சுவர் போலத் தெரிந்தால் இன்னொரு முறை துடையுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், ஒட்ட ஃபெவிகால். உடனடிப் பசையை (சூப்பர் குளூ) தொடாதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடி மூடுபனி போட்டுவிடும். ஆனால் கண்ணாடியை எல்லா வார்னிஷும் முடிந்த பிறகு கடைசியில் பொருத்துங்கள். ஒன்றிரண்டு சதுரங்களை வெறுமையாக விட்டு, ஒன்றில் அட்டைத் துண்டு வைத்து அடைத்தால் நிஜ மில் போல் இருக்கும்.

பழசாக்குவது

என் முதல் மில்லை எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். முப்பது வருஷம் சா மில்லில் வேலை பார்த்தவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன தம்பி, மில்லு தீப்பிடிச்சிருச்சோ?”

“இல்ல அண்ணாச்சி, பழசு.”

“பழசுன்னா மேல இருந்துல்லா துரு இறங்கும்? நீ கீழ இருந்து ஏத்தி வச்சிருக்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு மொதல்ல.”

அவர் சொன்னது சரி. நான் கறுப்பையும் ஆரஞ்சையும் கண்ட இடத்தில் எல்லாம் அப்பியிருந்தேன். அதற்குப் பிறகு பிரஷ்ஷை எடுக்கும் முன் இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, லேஅவுட் மேசையில் மேற்கு எது என்று முடிவு செய்து பென்சிலால் அம்புக்குறி போடுவது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் மழையை அறையும். அந்தச் சுவருக்குப் பாசி, எதிர்ச்சுவருக்கு வெளுப்பும் புழுதியும். இரண்டாவது, ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கூரைமேல் நிஜமாகவே ஊற்றி, அது எங்கே தேங்கி எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

கூரையிலிருந்து தொடங்கலாம். கிட்டில் தகரக் கூரை ஒரே பலகையாக வரும். எட்டடித் தகரம் 1:87இல் சுமார் 28 மி.மீ. அந்த அளவுக்குப் பென்சிலால் கோடு போட்டு, தகரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சாம்பலில் ஒரு சாயல் மாற்றிக் கொடுங்கள். ஒரே ஒரு தகரத்தை மட்டும் புதுசாகப் பளபளக்க விடுங்கள். போன காற்றுக்குப் பறந்து, முதலாளி மாற்றிப் போட்டது அது.

துரு பிடிப்பது தகரத்தின் நடுவில் அல்ல. ஆணி அடித்த துளையிலும், ஒரு தகரத்தின்மேல் இன்னொன்று ஏறும் விளிம்பிலும்தான் ஈரம் தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பால் ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, அது காய்வதற்குள் ஈரப் பிரஷ்ஷால் எரவானம் நோக்கி ஒரே இழுப்பு. குறுக்கே ஒரு கோடு போனாலும் கெட்டது. பிறகு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பை நீர்க்கக் கரைத்து, அதே வழியில் சில இடங்களில் மட்டும். ஆரஞ்சு நிறத்தை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுங்கள். நாளைக்குப் பார்த்தால் தேவைப்படாது.

சுவருக்கு மைக் கழுவல். 100 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சுமார் 2 மில்லி இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மை. சில மை ஆல்கஹாலில் திரியும், அதனால் முதலில் ஒரு மூடியளவு கலந்து பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம். மேலிருந்து கீழாகத் தடவினால் எரவானத்துக்கு அடியிலும் ஜன்னல் திண்டுக்குக் கீழேயும் அழுக்கு தானாகத் தங்கும். இதை மேட் வார்னிஷ் அடிக்கும் முன் செய்யுங்கள். சில வார்னிஷ்கள்மேல் ஆல்கஹால் பட்டால் வெள்ளை படரும்.

தகரக் கதவுக்கு ஒரு தனி வித்தை உண்டு. துரு நிறம் அடித்து, மேட் வார்னிஷால் பூட்டி, காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே இரண்டு முறை லேசாக. அது காய்ந்த பிறகு வெளிறிய பச்சை அக்ரிலிக். அரை மணி நேரம் கழித்துக் கதவை ஈரமாக்கி டூத்பிரஷ்ஷால் தேய்த்தால், அடியில் ஹேர்ஸ்பிரே கரைந்து பச்சை செதில் செதிலாக உரியும். ஆள் கைபடும் தாழ்ப்பாள் பக்கமும் வண்டி உரசும் கீழ்விளிம்பும் மட்டும் தேயுங்கள்.

மேற்குச் சுவருக்கு வருவோம். ஆலிவ் பச்சையில் கறுப்பு கலந்து, உலர்ந்த ஸ்பாஞ்சால் சுவரின் அடியிலிருந்து விரற்கடை உயரம் ஒற்றுங்கள். மழைக்குழாய் உடைந்த இடத்தில் மட்டும் பச்சை கூரைவரை ஏறட்டும். அந்த இடத்து விரிசலில் ஓர் அரசங்கன்று. நம் ஊரில் அது இல்லாத பழைய கட்டடம் உண்டா? சணல் நூலைப் பிரித்து வேராக ஒட்டி, காய்ந்த கொத்தமல்லித் தூளை இலையாகத் தூவினேன். இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது.

கிழக்குச் சுவருக்குப் புழுதி. ஓவியர்கள் பயன்படுத்தும் சாக் பேஸ்டலை, எண்ணெய் பேஸ்டல் அல்ல, பிளேடால் சுரண்டினால் மாவு போல வரும். மிருதுவான பிரஷ்ஷால் தடவி, மேட் வார்னிஷை எட்ட நின்று ஒருமுறை தூவினால் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் பட்டதும் பாதிப் புழுதி காணாமல் போகும், அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடவே போடுங்கள்.

தரையில் அமர்த்துவது

சுவரும் தரையும் சேரும் இடத்தில் கீற்றாக இடைவெளி தெரிந்தால் இத்தனை உழைப்பும் வீண். நிஜ மண்ணை எடுத்து, இரும்புச்சட்டியில் வறுத்து, வேட்டித்துணியில் சலியுங்கள். கட்டாயம் ஒரு காந்தத்தை அதற்குள் விட்டுத் துழாவுங்கள். மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் இன்ஜின் மோட்டாருக்குள் போனால் செலவு. சுவரோரம் தூவி, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவத்தோடு துளித்துளியாக விடுங்கள். அறுவைத் தூளைக் குவிக்க ஆசை வரும். நிஜத் தூள் இந்த அளவுக்கு விறகுச் சுள்ளி போலத் தெரியும், மூன்று முறை சலித்தால்தான் தேறும்.

ஆனால் இந்தப் பசையை விடும் முன், உங்களிடம் உள்ளதிலேயே அகலமான வேகனைக் கையால் தள்ளி, சரக்கு ஏற்றும் மேடையைக் கடந்து போகிறதா என்று பாருங்கள். நான் ஒட்டிய மறுநாள்தான் தள்ளிப் பார்த்தேன். வேகனின் படிக்கட்டு மேடையில் முட்டி நின்றது. மேடையில் ஒன்றரை மில்லிமீட்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தேன். அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. லாரி இடித்தது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.