மழைமாத மாடித்தோட்டம்: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் செடிகளைப் பாதுகாப்பது பற்றிய பல வீடியோக்கள் பனி கொட்டும் ஊர்களுக்காக எடுத்தவை. நமக்கு மார்கழி ராத்திரியிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் காயவே விடாத ஈரம்தான் இங்கே செடியைக் கொல்கிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மாடிகளில் வருஷா வருஷம் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

மழைக்குப் பயந்து செடிகளைப் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே புழுங்கி, இலைகளில் பூஞ்சை பிடித்துவிடும். மேலே சாய்வாக ஒரு கூரை, சுற்றிலும் காற்றோட்டம், அவ்வளவு போதும். அதுவும் எல்லாவற்றுக்கும் வேண்டாம். அடீனியம், கள்ளி, சோற்றுக்கற்றாழை, சின்ன நாற்றுகளுக்கு மட்டும். அடீனியத்தின் பருத்த அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலையில்லை. கொழகொழவென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே பிடுங்கி, அழுகிய பகுதியை முழுக்க வெட்டி, வெட்டு வாய் நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப நட வேண்டும்.

தொட்டிகளைத் தளத்தோடு ஒட்டி வைப்பது அடுத்த தவறு. வேர் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், தளத்திலும் ஓதம் ஏறும். செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்தட்டை எடுத்துவிடுங்கள். மழைக்கு முன்னால் உரமும் வேண்டாம், கரைந்து தண்ணீரோடு போய்விடும்.

காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் காய்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

விதை விஷயத்தில்தான் மனசு ரொம்ப வலிக்கிறது. ஆடியில் விதைத்துக் காய்த்த வெண்டை, கத்தரி, அவரை விதைகளை ஆசையாக எடுத்து, பிளாஸ்டிக் கவரில் கட்டிச் சமையலறைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடுப்பின் ஆவியும் கடல்காற்றின் ஈரமும் சேர்ந்து அது பூசணம் பிடித்துவிடும். நிழலில் காயவைத்து, அவரை விதையைக் கடித்தால் பல் பதியாமல் படக்கென்று உடையும் பதம் வந்த பிறகே சேமிக்க வேண்டும். அடுப்புச் சாம்பலில் புரட்டி, இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் வைத்தால் வண்டு எளிதில் அண்டாது. ஃபிரிட்ஜில் வைக்கலாம், வெளியே எடுத்தவுடன் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, காயவைத்த பாடெல்லாம் வீண். வெங்காய விதையை அடுத்த வருஷத்துக்கு மேல் நம்ப வேண்டாம். கறிவேப்பிலைப் பழத்தின் விதையைச் சேமிக்கவே கூடாது. சதையை நீக்கிக் கையோடு ஊன்றினால்தான் முளைக்கும். பெயரும் மாசமும் எழுதாத பாட்டில் தைப்பட்டத்தில் யாருக்கும் உதவாது.

புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா பெரிய மரங்களையே வேரோடு சாய்த்தது. தெருவில் போகிறவர் தலையில் தொட்டி விழுந்தால் என்ன ஆகும்? காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் புயல்காற்று உப்பையும் அள்ளி வரும். காற்று அடங்கியதும் நல்ல தண்ணீரால் இலைகளை அலசிவிடுங்கள். அப்படியே விட்டால் ஓரம் கருகும்.

தரைதள வாசலில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வெள்ளம் புகுந்த மண்ணைக் காயவைத்து மறுபடி கீரை போடாதீர்கள். நம் பக்கத்து வெள்ளத்தில் சாக்கடை கலந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவே வந்தது. எண்ணெய்ப் படலமோ வாடையோ உள்ள மண்ணில் சாப்பிடுகிற எதையும் வளர்க்க வேண்டாம். புது மண்ணுக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை.

மல்லிகையைக் கொட்டும் மழையில் வெட்ட வேண்டாம். கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்து, கூர்மையான கத்தரியால் கவாத்து செய்து, புதுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு தொழுவுரம் போடுங்கள்.