குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தும் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

என் மகனுக்கு ஐந்து வயது நடக்கும்போது பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். சட்டையைக் கழற்றி எறிகிறானாம். வரிசையில் நிற்கச் சொன்னால் முன்னால் நிற்கிற பிள்ளை மேல் போய்ச் சாய்கிறானாம். ஒரே சொல்லில் 'சேட்டை' என்று முடித்துவிட்டார்கள். அவனுடைய ஆச்சி மட்டும், "ஏட்டி, இது சேட்டை இல்ல. புள்ளைக்கு என்னமோ உறுத்துது" என்றாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தோம். மொடமொடவென்று ஒரு லேபிள்.

பத்தமடைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பாடம் நடக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பள்ளியில் ஐம்புலன் என்று படித்தோம். அது போக, காதுக்குள் இருந்து உடம்பின் சமநிலையைச் சொல்லும் புலன் ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் புலன் ஒன்று. பசி, மூத்திரம் மாதிரி உள்ளே நடப்பதைச் சொல்லும் புலன் ஒன்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், சுருக்கமாக ஓ.டி.) 1972-இல் எழுதிய புத்தகத்திலிருந்துதான் இந்தப் பேச்சு பரவலானது. சில பிள்ளைகளுக்கு இந்தத் தகவல்கள் அளவுக்கு மீறி வரும், சிலருக்குப் போதாது. இதைத்தான் புலன் சிக்கல் என்கிறேன். என் மகனுக்குக் காதிலும் தோலிலும் கூடுதல், தசையில் குறைவு. அதனால்தான் சத்தத்துக்கு ஒளிந்தான், ஆள் மேல் சாய்ந்தான்.

முதல் வேலை: டாக்டர்

வீட்டு வைத்தியமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காதைப் பொத்துகிற பிள்ளைக்கும் செவித்திறன் சோதனை அவசியம், கண்ணும் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் வைத்திருக்கும் டி.எஸ்.எம்.-5 என்ற மனநலக் கோளாறுகளின் பட்டியலில் புலன் சிக்கல் தனி நோயாக இல்லை, ஆனால் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது. அதனால் வேறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். ஓ.டி. தெரபி கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

பாடப் புத்தகம் வாங்கும் முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நேரம், என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது. அவ்வளவுதான். என் நோட்டில் ஒரு வரி: "காலை 7.40. குக்கர் முதல் விசிலுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் காதைப் பொத்திக்கொண்டு அழுகை. இரண்டாவது விசில் இன்னும் வரவே இல்லை!"

நாலு நாள் இதே மாதிரி எழுதிய பிறகுதான் புரிந்தது. அவனை வாட்டியது சத்தத்தை விட அது எப்போது வருமோ என்ற காத்திருப்பு. மறுநாளிலிருந்து அவனை வாசலில் உட்கார வைத்து, "மூணு விசில் வரும், எண்ணிச் சொல்லு, நான் அடுப்பை அணைக்கிறேன்" என்றேன். காதைப் பொத்திக்கொண்டேதான் எண்ணினான். எண்ணினான் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

உடம்பு வேலை முடிந்த பிறகே புத்தகம்

தசைக்கு வேலை கொடுக்கிற எதுவும் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலரை நிதானப்படுத்தும். தள்ளுவது, இழுப்பது, சுமப்பது. இதற்கென்று ஆயிரக்கணக்கில் சாமான் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சித்திரை, வைகாசியில் நுங்கு வண்டி இருக்கிறது: நுங்கு எடுத்த இரண்டு பனங்காய்க் கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. தெருக்கோடி வரை இரண்டு நடை போய் வந்தால் போதும். மற்ற மாதங்களில் சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றுவான், சப்பாத்தி மாவு பிசைவான்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது பாய்ச்சுருட்டு. கோரைப் பாயில் படுக்க வைத்து உருட்டிச் சுருட்டுவோம். தலையும் கழுத்தும் எப்போதும் பாய்க்கு வெளியே இருக்க வேண்டும். 'போதும்' என்று சொன்ன உடனே அவிழ்க்க வேண்டும். பிள்ளையைத் தனியாக விட்டு நகரவே கூடாது. உள்ளே கனம் வைத்துத் தைத்த எடை போர்வையைத் தெரபிஸ்ட் சொல்லாமல் சின்னப் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

சேலைத் தூளியும் நல்லதுதான். முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பெரும்பாலும் அடங்குவார்கள், சுற்றிவிட்டால் துள்ளுவார்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள்.

பாடம் ஏழு நிமிஷம்

பதினைந்து நிமிஷம் உடம்பு வேலை, ஏழு நிமிஷம் பாடம், மறுபடி வேலை. ஒரு நாளைக்கு நாலு சுற்று எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. மினுக்குகிற டியூப் லைட்டை மாற்றினோம். நாற்காலியைக் கட்டாயப்படுத்தவில்லை, குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறான்.

இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். விரலால் எழுதிப் பழகட்டும் என்று ஈர அரிசி மாவைத் தட்டில் பரப்பி, அவன் கையைப் பிடித்து 'அ' போட வைத்தேன். வீரிட்டு அழுதான். ஒரு வாரம் அடுப்படிப் பக்கமே வரவில்லை. தொடு உணர்ச்சி கூடின பிள்ளைக்கு ஈரமும் பிசுபிசுப்பும் கடைசியில்தான் வர வேண்டும். அப்புறம் சலித்த ஆற்று மணலைத் தாம்பாளத்தில் கொட்டி, கையில் ஈர்க்குச்சி கொடுத்தேன். மூன்று வாரம் குச்சி. பிறகு அவனே ஒரு விரல் நுனியை வைத்தான். நான் பார்க்காத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஈர மாவை இன்றைக்கும் தொடமாட்டான், பரவாயில்லை.

கணக்குக்குப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். வாயிலோ மூக்கிலோ போடுகிற வயது என்றால் கொட்டை வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே விதி: சொதியும் சோறும் தனித்தனிக் கிண்ணம். பிசைந்து ஊட்ட வந்த சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் நான் கெட்ட பெயர் வாங்கியாயிற்று.

காகித வேலை

2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், கடுமையான மாற்றுத்திறனோ ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. புலன் சிக்கல் மட்டும் தனியாக இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேளுங்கள். பின்னாளில் தேர்வு எழுத தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். பள்ளிக்குத் திரும்பும் வழியையும் அடைத்துவிடாதீர்கள், நாங்கள் அடைக்கவில்லை.

கொடை வந்தால்

நம் பக்கத்தில் கோயில் கொடை, அதாவது திருவிழா, என்றால் தெரு முழுக்கக் குழாய் ரேடியோ. அந்த மூன்று நாளும் பாடத்தை மூட்டை கட்டிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் மிஷின் வேலைக்காரர்கள் மாட்டுகிற காதுக்கவசம் கிடைக்கும். சிறுவர் அளவு கிடைத்தால் இன்னும் நல்லது. அதை நாள் முழுக்க மாட்டிவிட்டால் சின்னச் சத்தமும் தாங்காமல் போய்விடும், சத்தம் கூடும் நேரத்துக்கு மட்டும் போதும். முதல் நாள் காலையில், ஆள் வரும் முன், பந்தலைக் காட்டிவிட்டு வாருங்கள். 'போகலாம்' என்பதற்கு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் வில்லுப்பாட்டுக்குப் பந்தலின் கடைசித் தூண் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நையாண்டி மேளக்காரர்கள் தவிலை எடுத்ததும் என் சேலை நுனியை இரண்டு தரம் இழுத்தான். எழுந்து வந்துவிட்டோம். வழியில், "இன்னும் எத்தனை மேளம் வரும்மா?" என்று கேட்டான்.