ஆர்-11 பெரிதா, ஆர்-2.5 பெரிதா?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. மூன்றாம் மாடிக்கு மேலே தகரக் கூரை போட்டு ஓர் அறை எழுப்பியிருந்தார்கள். "தம்பி, மத்தியானத்தில பாண் போறணைக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் வீட்டுக்கார அன்ரி. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே விரிக்க, சூட்டை மறிக்கும் கண்ணாடிப் பஞ்சுச் சுருள், அதாவது கிளாஸ் வூல், இரண்டு வகை கிடைத்தது. ஒன்றின் தாளில் ஆர்-11, மற்றதில் ஆர்-2.5. ஆர் என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற எண், ஒரே அலகில் பார்த்தால் கூடக் கூட நல்லது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 11 பெரிதுதானே என்று அதையே வாங்கி விரித்தாயிற்று.

அன்றிரவு ஏசிக்குக் கணக்குப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கூரை வழியாக உள்ளே வரும் வெப்பம் 28 வாட் என்று விடை வந்தது. பழைய குண்டு பல்ப் ஒன்றுகூட அதைவிடக் கூடச் சூடு தரும். பகல் முழுக்க வெயில் குடிக்கும் தகரத்துக்கு இது நடக்கிற காரியமா?

தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆர்-11 அமெரிக்கத் தாள். ஆர்-2.5 அவுஸ்திரேலியத் தாள். இரண்டு நாட்டிலும் பெயர் 'ஆர்'தான், அலகுதான் வேறு. அவுஸ்திரேலியாக்காரர் சதுர மீட்டர், கெல்வின், வாட் வைத்துச் சொல்கிறார்கள். அமெரிக்கர் சதுர அடி, ஃபாரன்ஹைட், பீ.டி.யூ (வெப்பத்தை அளக்கும் பழைய ஆங்கில அலகு) வைத்து. நானோ அமெரிக்க 11ஐ மெட்ரிக் எண் என்று நினைத்துக் கணக்கில் போட்டிருந்தேன். கொழும்பில் நாம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறோம்: அறையை அடியில் அளப்போம், ஏசியைப் பீ.டி.யூவில் வாங்குவோம், சூட்டைச் செல்சியஸில் சொல்வோம். பிழை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

மாற்றுவதற்கு ஒரு பெரிய எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், மறந்துவிடும். அலகைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். அமெரிக்க ஆர் என்பது சதுர அடியை ஃபாரன்ஹைட்டால் பெருக்கி, 'மணிக்கு இத்தனை பீ.டி.யூ' என்பதால் வகுத்தது. 1 சதுர அடி 0.0929 சதுர மீட்டர். ஃபாரன்ஹைட்டில் 1 பாகை வித்தியாசம் கெல்வினில் 5/9. மணிக்கு 1 பீ.டி.யூ 0.2931 வாட். இனி அதே ஒழுங்கில் போடுங்கள்:

0.0929 × 0.5556 ÷ 0.2931 = 0.1761

அமெரிக்க எண்ணை 0.1761ஆல் பெருக்கினால் நம் மெட்ரிக் எண். மறுபக்கம் போக 5.678ஆல் பெருக்க வேண்டும். என் ஆர்-11 இப்போது 1.94. நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த ஆர்-2.5 அமெரிக்கக் கணக்கில் 14.2! நல்லதை விட்டுவிட்டு, எண்ணைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இதில் பொடியன்கள் அதிகம் விழும் குழி ஒன்று உண்டு. வெப்பநிலை வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐக் கூட்டிவிடுவார்கள். தகரம் 60 பாகை செல்சியஸ், சீலிங் 32 என்று வையுங்கள். வித்தியாசம் 28. ஃபாரன்ஹைட்டில் அது 28 × 1.8 = 50.4. அவ்வளவுதான். 82.4 என்று எழுதினால் கதை கெட்டது. கெல்வினுக்கும் செல்சியஸுக்கும் வித்தியாசத்தில் பேதம் இல்லை, அதனால் 273ஐயும் தொட வேண்டாம்.

சரி, அறை 12க்கு 10 அடி. 120 சதுர அடி, அதாவது 11.15 சதுர மீட்டர். பரப்பளவை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஆரால் வகுத்தால் உள்ளே வரும் வெப்பம்.

மெட்ரிக்கில்: 11.15 × 28 ÷ 1.94 = 161 வாட்.
அமெரிக்க வழியில்: 120 × 50.4 ÷ 11 = மணிக்கு 550 பீ.டி.யூ. அதை 0.2931ஆல் பெருக்கினால் அதே 161.

இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்பது வீண்வேலை போலத் தெரியும். நான் இப்போது அதைச் செய்யாமல் ஒரு எஸ்டிமேட்டும் கொடுப்பதில்லை.

இன்னொன்று. ஏசிக்காரர் சொல்லும் ஆர் ஒரு சதுர மீட்டருக்கானது, எலெக்ட்ரோனிக்ஸ்காரர் ஹீட் சிங்க்குக்கு (பாகங்களின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டுக்கு) சொல்வது அந்தத் துண்டு முழுவதற்குமானது. பின்னதன் அலகு வெறும் கெல்வின்/வாட், அதில் பரப்பளவே இல்லை. முன்னதைப் பின்னதாக்கப் பரப்பளவால் வகுக்க வேண்டும்: 1.94 ÷ 11.15 = 0.174 கெல்வின்/வாட், அந்தக் கூரைக்கு மட்டும். தாளில் ஆருக்குப் பதிலாக 'யூ' இருந்தால் அது தலைகீழ், எண் குறையக் குறைய நல்லது. மாற்றும் எண்ணும் புரளும்: அமெரிக்க யூவை மெட்ரிக்காக்க 5.678ஆல் பெருக்க வேண்டும்.

அன்ரியின் சுருளை நான் கழற்றவில்லை. ஆர்-2.5 போட்டிருந்தால் 125 வாட் வந்திருக்கும். 36 வாட்டுக்காக சீலிங்கை உடைப்பது மடத்தனம். தகரத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்தேன், பெயின்டும் கூலியும் என் கணக்கில். ஏன் காசு வாங்கவில்லை என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.