பனிக்கால மலையுச்சியில் ஹாம் ரேடியோ: உட்கார்ந்த பிறகு செய்யும் தவறுகள்

பனிக்காலத்தில் மலை ஏறுகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பவர்களை மனதில் வைத்துச் சொன்னது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் உச்சிக்குப் போனதும் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. வியர்த்து விறுவிறுத்துப் போய், காற்று அடிக்கிற இடத்தில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காருகிறோம், அதுவும் கையுறையைக் கழற்றிவிட்டு. நான் செய்த தவறுகளும் சரி, பிறர் செய்து பார்த்தவையும் சரி, அநேகமாக எல்லாமே உட்கார்ந்த பிறகு நடந்தவைதான்.

மலையுச்சிகளிலிருந்து பேசும் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டம், சுருக்கமாக சோட்டா, 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. விதிகள் எளிமையானவை. ரேடியோ, ஆன்டெனா, பேட்டரி எல்லாவற்றையும் நீங்களே சுமந்து ஏற வேண்டும். பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர் கூடாது. உச்சியிலிருந்து குறைந்தது நான்கு பேரோடு பேசினால் புள்ளி கிடைக்கும். தரையிலுள்ள ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசியது கணக்கில் வராது. இங்கிலாந்தில் 500 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூன்று புள்ளி கூடுதல். அந்த மூன்று புள்ளிக்காகத்தான் நம்மில் பலர் வருடத்தின் மோசமான வாரங்களில் மலையில் இருக்கிறோம். நான் சொல்லப்போவதெல்லாம் வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளை வைத்து. உயரத்தில் நம் ஊட்டி, கொடைக்கானலில் பாதிகூட வராத மலைகள். அந்த உயரக் கணக்கை நம்பி ஏமாறுவதே முதல் தவறு.

ஸ்கிட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், 931 மீட்டர். அடிவாரத்து ஊரான கெஸ்விக்கில் 4 டிகிரி குளிர் என்றால் தாங்கக்கூடியதுதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தாலே உச்சி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதன் மேல் காற்று வேறு. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 15 மாதிரி. நடக்கிறவர் பத்து நிமிடத்தில் உச்சியைக் கடந்துவிடுவார். நாம் அங்கேயே குடியிருப்போம்.

அதனால் முதலில் வேலை வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியது இங்கேதான். உச்சியை அடைந்ததும் எல்லோரும் செய்வது, உடம்பு சூடாக இருக்கும்போதே ஆன்டெனாக் கம்பத்தை நட்டு ஒயரை இழுத்துவிடலாம் என்று பாய்வது. அந்தச் சூடு பத்து நிமிடம்கூட நிற்காது. ஈரமான உள்சட்டை அதைவிட வேகமாகக் குளிரும். முதலில் உலர்ந்த சட்டை, அதன் மேல் பையிலேயே தடிமனான ஜாக்கெட், தலைக்குக் குல்லா. அப்புறம்தான் ஆன்டெனா. குளிர ஆரம்பித்த பிறகு போடும் ஜாக்கெட் இருக்கிற குளிரைத்தான் உள்ளே பூட்டி வைக்கும். உட்கார ஒரு ஃபோம் பாய் கட்டாயம் வேண்டும். பாறையும் பனியும் கீழேயிருந்து உறிஞ்சும் சூட்டை எந்த ஜாக்கெட்டும் தடுக்காது.

உச்சிக் கல்லை ஒட்டியே உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. தேவையே இல்லை. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் இறக்கத்துக்குள் எங்கே உட்கார்ந்தாலும் விதிப்படி செல்லும். காற்று மறைவில் இறங்கி உட்காரலாம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடப்பவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் பொருந்தும். காற்று மறைவான பக்கம் எதுவோ, அங்கேதான் காற்று அள்ளி வந்த பனி குவியும். மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பனித்திட்டு, கார்னிஸ் என்பார்கள், உருவாவதும் அங்கேதான். மேலிருந்து பார்த்தால் தரை தொடர்வது போலவே இருக்கும்.

950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெல்லினில் இது கண்கூடு. உச்சி தட்டையானது. மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது கிழக்குப் பக்கம் அமைதியாக, 'வா, உட்கார்' என்பது போல இருக்கும். அதற்குக் கீழே ரெட் டார்ன் ஏரிக்குச் சரியும் செங்குத்தான சரிவு. ஒதுங்க வேண்டுமானால் உச்சியில் சிலுவை வடிவில் கட்டியிருக்கும் கற்சுவருக்குப் போங்கள், கிழக்கு விளிம்புக்குப் போகாதீர்கள். பனிக்காலத்தில் ஹெல்வெல்லின் நிலவரத்தைத் தினமும் ஒருவர் ஏறிப் பார்த்து எழுதுகிறார். லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் என்ற வானிலைச் சேவையில் வரும். பனி எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது, கார்னிஸ் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கெஸ்விக் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் ரசாயன ஓட்டம் மந்தமாகி, உள்மின்தடை ஏறும். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. ரேடியோ கால் ஆம்பியரோ அரை ஆம்பியரோதான் இழுக்கும். பேச பட்டனை அழுத்தியதும் இரண்டு ஆம்பியர் கேட்கும், மின்னழுத்தம் சரியும், ரேடியோ அணைந்து அணைந்து எரியும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மூட்டை கட்டியவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசி சார்ஜ் அப்படியே இருக்கும். ஏறும்போதே பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்து வாருங்கள். உட்கார்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கட்டும், ஒயர் மட்டும் வெளியே வந்தால் போதும். போனுக்கும் இதே கதைதான். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் உச்சியில் சட்டென்று அணைந்துவிடும். வரைபடம், லாக் (யாரோடு பேசினோம் என்ற பதிவு), அவசர அழைப்பு எல்லாவற்றையும் அந்த ஒரே போனில் வைத்துவிட்டு ஏறாதீர்கள். காகித வரைபடமும் காம்பஸும் வேண்டும். லாக் எழுத நோட்டும் பென்சிலும். பேனா மை உறைந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் இன்னொன்று, இது காசு போகிற தவறு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே பயன்படுத்தலாம், ஆனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. உறைநிலையில் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். இறங்கி வந்ததும் காரிலேயே சார்ஜரில் மாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டலாம்.

ஆன்டெனாவை வீட்டுத் தோட்டத்தில் வெறுங்கையோடு கட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கிளம்புவதும் தவறுதான். கையுறையோடு கட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறதோ, அதெல்லாம் உச்சியில் சிக்கலாகப் போகிற இடங்கள். முடிச்சுப் போடும் இடத்தில் கொக்கி மாட்டுங்கள். திருகித் திருகிப் பூட்டும் கனெக்டரைவிட, கால் சுற்றில் பூட்டும் பிஎன்சி நல்லது. ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை ஆன்டெனாவோடு முன்பே இணைத்துச் சுற்றி வைத்துவிடுங்கள். சாதாரண பிவிசி உறை போட்ட கேபிள் குளிரில் முறுக்குக் கம்பி மாதிரி விறைத்து, சுற்றிய வடிவத்திலேயே நிற்கும்; அதை மடக்கி வளைத்தால் உறை வெடிக்கும்.

40 மீட்டர் அலைவரிசைக்கான (அலைநீளத்தை வைத்த பெயர்) டைபோல், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் ஒயர் நீளும் ஆன்டெனா, இரண்டு கைகளும் சேர்ந்து 20 மீட்டர் நீளம். அதன் முனைகளைப் பனியில் கூடார ஆணி அடித்துக் கட்டினால் நிற்காது, உருவிக்கொண்டு வரும். ஒரு துணிப் பையில் பனியை நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் படுக்கவைத்து மிதித்து மூடுங்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். கம்பத்தை நடைக்கோலோடு சேர்த்துக் கட்டலாம். பனிக்கோடரியை மட்டும் ஆன்டெனா வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது எழுந்து நிற்கும்போது கைக்கு எட்ட வேண்டிய பொருள்.

ஃபைபர் கம்பத்தை மடக்கும்போது ஈரம் துடைத்து மடக்குங்கள். ஒருமுறை இரண்டாவது உச்சிக்குப் போய்த் திறந்தபோது கம்பத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொண்டன. உள்ளங்கையால் பிடித்துப் பிடித்து இருபது நிமிடம் சூடாக்கியும் இரண்டு பாகம்தான் வெளியே வந்தது. முதல் உச்சியில் ஒரு கைக்குட்டையை எடுத்துத் துடைத்திருந்தால் போதும்.

பனிப் புயலில் பேசியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்கிட்டாவில் ஒரு பிற்பகல், மாவு போல உலர்ந்த பனி கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் முதலில் மெல்லிய சீறல். ஒரு நிமிடத்தில் அது ஏறி ஏறி, சிக்னல் மீட்டர் ஒன்பதைத் தொட்டது, பேசிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரரின் குரல் அதற்குள் மூழ்கிப்போனது. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று கனெக்டரைக் கழற்றினேன். கழற்றிய முனையில் 'டிக்... டிக்... டிக்' என்று சின்னச் சின்னப் பொறி தாவியது. பறக்கும் பனித்துகள் ஒவ்வொன்றும் ஒயரில் மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போகிறது. அது போக வழியில்லாமல் சேர்ந்தால் பொறியாகப் பாயும். அந்தப் பொறி ரேடியோவின் முன்பகுதியைச் சுட்டுவிடலாம். வழி சுலபமானது: ஆன்டெனாவின் இரு கைகளுக்கும் இடையே, கோஆக்ஸ் சேரும் இடத்தில், அதிக மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டால் மின்னூட்டம் சேரச் சேரக் கசிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் ஓரளவு உதவும். அதையும் மீறி டிக் டிக் சத்தம் கேட்டால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் சரி.

நேரக் கணக்குக்கு வருவோம். டிசம்பரில் கெஸ்விக்கில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோடையில் 2 மணிக்கு உச்சியில் உட்கார்ந்து பழகியவர்கள் அதே கணக்கில் கிளம்புவார்கள். இருட்டு ஒருபுறம், ரேடியோ அலைகளைத் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலம் மறுபுறம். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் பனிக்காலத்து நண்பகலில் 10, 15 மீட்டர் அலைவரிசைகள் நன்றாகவே திறக்கும், ஐந்து வாட்டில் அமெரிக்கா வரை போகும். வெயில் சாய்ந்ததும் அவை சட்டென்று மூடும். 40 மீட்டரிலும் பக்கத்து ஊர்க்காரர்கள் காணாமல் போய், தூரத்துக் குரல்கள் மட்டும் மிஞ்சும். பிற்பகல் 3 மணிக்கு 20 மீட்டர் அலைவரிசைக்கான ஆன்டெனாவை மட்டும் வைத்துக்கொண்டு நான்காவது ஆளுக்காகக் குளிரில் காத்திருப்பது வேதனையான அனுபவம். காலை 11 மணிக்கு உச்சியில் இருக்கும்படி கிளம்புங்கள். இன்னொரு துணை எப்போதும் பையில் இருக்கட்டும்: 2 மீட்டர் கைரேடியோவும், சுருட்டி வைக்கக்கூடிய ஒயர் ஆன்டெனாவும். 145.500 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டு, பதில் வந்ததும் பக்கத்தில் வேறு அதிர்வெண்ணுக்கு மாறுங்கள். ஸ்கிட்டா மாதிரி உச்சியிலிருந்து தெற்கு ஸ்காட்லாந்து வரை கேட்கும். வானிலை மோசமானால் பெரிய ஆன்டெனாவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கூட்டம் சேரும்போது நடப்பது. முன்கூட்டியே நேரம் அறிவித்திருப்பீர்கள். உங்கள் அலைவரிசை இணையத்தில் வந்ததும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் வீட்டில், சூடான அறையில் இருக்கிறார். அவரை ஏமாற்றக் கூடாது என்று நினைத்து 'இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர்' என்று தொடர்வோம். விரல் மரத்துப்போனதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மோர்ஸ் தந்திக் குறிகள்தான். குறியில் புள்ளி ஒலிகள் கூடுதலாக விழும், சொந்தக் கால்சைனையே (நமது அடையாள எழுத்துகள்) தப்பாக அடிப்போம். குரலில் பேசுகிறவர்களுக்கு வார்த்தை குழறும், லாக்கில் எழுத்து கோணலாகும். உடம்பு வெப்பம் இறங்கும்போது மனமும் மந்தமாகும் என்பதால் அதை நாமே உணர மாட்டோம். கைக்கடிகாரத்தில் கிளம்பும் நேரத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் 'உச்சியில் குளிர் அதிகம், நிறுத்துகிறேன், நன்றி' என்று சொல்லிவிட்டு அணைத்துவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர்களில் பலரும் மலை ஏறியவர்கள்தான். இதுவரை யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

ரேடியோ கையில் இருக்கிறதே, உதவிக்கு அது போதும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 999 அல்லது 112 அழைத்து, போலீஸைக் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்ல வேண்டும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் உண்டு, ஆனால் போனை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு விசில் வையுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் அபாயக் குறி. இரண்டு ஹெட்லாம்ப், கூரான இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பான், அதைப் போட்டு நடந்து பழகிய கால்கள். கடைசியில் சொன்னது கடையில் கிடைக்காது.

வீடு திரும்பியதும் ரேடியோவைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். சில்லிட்டுப்போன ரேடியோ சூடான அறைக்கு வந்தால் உள்ளேயும் வெளியேயும் நீர் பூத்துவிடும். மலையிலேயே அதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவந்து, காலைவரை அப்படியே விட்டுவிடுங்கள். அன்றிரவே பிரிக்க வேண்டியவை கம்பமும் ஒயரும்தான். கம்பத்தின் பாகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, லாக்கை இணையத்தில் ஏற்றலாம்.