மழைக்குப் பிறகு மண்புழு வெளியே வந்தால்

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத்தோல் வழியாகத்தான் மூச்சு. அடைமழையில் மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளிகளை நீர் நிரப்பிவிடுகிறது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. பல வகைப் புழுக்கள் மேலே வர இதுவும் ஒரு காரணம். மழைநீரில் அவை சட்டென்று செத்துவிடுவதில்லை. ஆக்சிஜன் கரைந்த நீரில் நாள்கணக்கில் தாங்கும் வகைகள் உண்டு. வெயில்தான் எமன். தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். சிமென்ட் தரையில் கிடப்பவற்றை வெயில் ஏறுமுன் எடுத்து, நிழலான இடத்தில் சருகுக்கு அடியில் விடுங்கள். புதைக்க வேண்டாம்.

உரத் தொட்டியில் புழுக்கள் கூட்டமாகச் சுவரேறுகின்றனவா? ஒரு பிடி உரத்தை இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் அதிகம். முதலில் வடிகால் துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு அதில் அடைத்திருக்கும். பிறகு காய்ந்த சருகையும் கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளையும் கையால் மெல்லக் கலந்துவிடுங்கள். மண்வெட்டி புழுவை வெட்டிவிடும். இந்த நேரத்தில் பச்சைச் சாணம் போடவே கூடாது. அது சூடேறி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அன்றிரவு தொட்டிக்கு மேலே ஒரு பல்பு எரியட்டும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, வெளியே வராது.

புதிதாகத் தொட்டி கட்டுபவர்கள் அடியில் அரையடிக்கு உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு, சாரல் அடிக்காதபடி கீற்றுக் கூரையைத் தாழ இறக்கிவிடுங்கள்.