பத்மினிக்கு ஏற்ற கார்புரேட்டர்: காற்றின் கணக்கு

வடசென்னையின் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பழைய பிரீமியர் பத்மினி காரை இன்றும் போற்றி வைத்திருப்பவர்கள், எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் தேய்ந்துபோய் மாற்றுத் தேடிப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது, கிடைத்தவற்றில் பெரியதைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரிய துளை என்றால் கூடுதல் இழுவை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பத்மினி எஞ்சினின் கொள்ளளவு 1089 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் கொள்ளளவு முழுவதையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உறிஞ்சும் என்பதால், நிமிடத்துக்கு 5000 சுற்றில் 1.089 லிட்டரை 2500 ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 2720 லிட்டர் வரும். சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை. பழைய எஞ்சினுக்கு 80 சதவீதம் என்று கொண்டால் சுமார் 2180 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 77 கன அடி காற்றுப் போதும்.

ஆனால் இந்தச் சராசரியோடு நின்றுவிடக் கூடாது. காற்று சீராக ஓடி வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஒரு வீச்சில் இழுக்கிறது. நான்கு சிலிண்டர்களும் மாறி மாறி இழுப்பதால், ஒற்றைக் கார்புரேட்டர் ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரு சிலிண்டருக்குத்தான் காற்றுத் தருகிறது. ஆகவே வென்ச்சுரியின், அதாவது கார்புரேட்டருக்குள் காற்று வழி குறுகும் கழுத்தின், விட்டத்தை ஒரு சிலிண்டரின் கொள்ளளவை வைத்தே கணிக்கிறார்கள். அந்தக் கொள்ளளவை லிட்டரிலும், சுற்றுகளை ஆயிரத்திலும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 20 ஆல் பெருக்கினால் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். பத்மினிக்கு 0.272 பெருக்கல் 5 என்பது 1.36, அதன் வர்க்கமூலம் 1.17, விடை ஏறத்தாழ 23 மி.மீ.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரின் உடலில் காணும் 32 போன்ற எண், ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகடு இருக்கும் துளையின் விட்டமே தவிர, வென்ச்சுரியின் அளவு அன்று. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வென்ச்சுரியில் பொறித்த எண்ணைப் படியுங்கள்; எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

நான் ஒருமுறை 28 மி.மீ. வென்ச்சுரி கொண்ட ஒன்றைப் பொருத்திவிட்டேன். பேசின் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தபோதெல்லாம் எஞ்சின் ஒரு கணம் அமுங்கி, பிறகுதான் எழுந்தது. ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கையில், வென்ச்சுரிக்குள் பெட்ரோலை விடும் மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் புகையாகப் பிரியாமல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. காரணம் எளியது: 23-இலிருந்து 28-க்குப் போனால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது, காற்றின் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது, பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டிலும் மூன்றிலும் ஊர்ந்து போகும் வண்டி 5000 சுற்றைத் தொடுவதே அரிது. ஆகவே இரண்டு அளவுகளுக்கு இடையே தடுமாறினால் சிறியதையே எடுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து. எஸ்.யு. என்ற வேறு வகைக் கார்புரேட்டருக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. அதன் பிஸ்டன் காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கி வழியைத் தானே சுருக்கிக்கொள்ளும்.

வென்ச்சுரி முடிவானதும், அதன் மில்லிமீட்டர் அளவை ஐந்தால் பெருக்கி வரும் எண்ணை பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் தொடக்க அளவாகக் கொள்ளலாம், 23-க்கு 115, அதாவது 1.15 மி.மீ. துளை. இது தொடக்கம் மட்டுமே, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஒரு படி ஏற்றியோ இறக்கியோ கொள்ள வேண்டும். அதற்கு முன் திராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கில் காற்று எடுக்கும், எந்த ஜெட் போட்டாலும் வண்டி நிற்கும்போது எஞ்சின் ஐட்லிங்கில் சீராக ஓடாது.

கடைசிச் சோதனைக்கு உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜை, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் மேனிஃபோல்டு குழாயில் இணைத்து, விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் இரண்டாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். கேஜைப் படிக்க உடன் ஒருவர் இருக்கட்டும். உச்சச் சுற்றில் முள் இரண்டு அங்குலப் பாதரசத்தைத் தாண்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். முதலில் ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் வென்ச்சுரியை ஒரு மில்லிமீட்டர் கூட்டலாம்.